பூனையும் வேண்டும், தோட்டத்துக் குருவியும் வேண்டும்: புதிதாகப் பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பூனையை விரும்புகிறவர்களில் பலருக்குத் தோட்டமும் பிடிக்கும். செடி நட்டு, மண்சட்டியில் தண்ணீர் வைத்து, எந்தப் பறவை வந்து குளிக்கிறது என்று ஜன்னலோரம் நின்று பார்க்கிற அதே ஆட்கள்தான் பூனைக்குட்டிக்கும் ஆசைப்படுகிறார்கள். இரண்டையும் வைத்துக்கொள்ள முடியுமா என்றால், முடியும். ஆனால் வேலைகளை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கதவைப் பற்றிய முடிவு முதலில், பூனை அப்புறம். வரிசை மாறினால் செலவும் கூடும், அலைச்சலும் கூடும், நடுவில் சில அணில்களும் பல்லிகளும் உயிரை விடும்.

இதையெல்லாம் எனக்கு ஒரே இடத்தில் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. கால்நடை மருத்துவர் ஊசியைப் பற்றிச் சொன்னார். விலங்குக் காப்பகத்தில் தாள்களைப் பற்றிச் சொன்னார்கள். பறவை பார்க்கிற நண்பர், பூனையே வேண்டாம் என்று முடித்துக்கொண்டார். அலைந்து சேர்த்ததை ஒழுங்குபடுத்தி இங்கே வைக்கிறேன். ஏற்கெனவே பூனை இருப்பவர்கள் நேரே 6-க்குப் போய்விடலாம்.

1. பூனை வருவதற்கு முன்பே கதவை முடிவு செய்யுங்கள்

உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. பூனை முழுக்க வீட்டுக்குள்ளேயே இருப்பது, வலையடித்த பால்கனி அல்லது கூண்டு முற்றம் வரை போவது, நேரம் பார்த்து வெளியே விடுவது. குட்டியாக வாங்கப் போகிறீர்கள் என்றால் என் சிபாரிசு இரண்டாவது வழி. ஒருமுறைகூட வெளியே திரியாத குட்டி, வெளியே போகவில்லையே என்று ஏங்குவது குறைவு. ஒரு வருடம் சுற்றித் திரிந்த பூனையை உள்ளே அடைப்பதுதான் பெரும்பாடு.

முடிவெடுக்கும் முன், எல்லோரும் சொல்லிக்கொள்கிற மூன்று சமாதானங்களைக் கொஞ்சம் உரசிப் பார்த்துவிடுங்கள்.

"வயிறு நிறையப் போடுகிறேன், அது வேட்டையாடாது." பூனையின் உடம்பில் பசியும் வேட்டையும் தனித்தனியாக ஓடுகின்றன. அதன் சிறிய இரை ஒரு வேளைக்குப் போதாது என்பதால், பசிக்கும் முன்பே அடுத்ததைப் பிடிக்கப் பழகிய விலங்கு அது. அசைகிற ஒன்றைக் கண்டால் உடம்பு தானாகத் தாழும். தட்டில் மீதி இருக்கிறதா என்பது அந்த நேரத்தில் அதற்கு நினைவில் இருக்காது.

"என் பூனை எதையும் பிடித்து வருவதில்லை." அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில் 55 வீட்டுப் பூனைகளின் கழுத்தில் சிறிய கேமரா மாட்டிப் பார்த்தார்கள். 44 சதவீதப் பூனைகள் வேட்டையாடின. பிடித்ததில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது கால்வாசிக்கும் குறைவு. மற்றதெல்லாம் அங்கேயே தின்னப்பட்டது, அல்லது அப்படியே போடப்பட்டது. வாசலில் ஒரு பல்லி கிடந்தால், நீங்கள் பார்க்காத இன்னும் சில எங்கேயோ கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"எலியைத்தானே பிடிக்கிறது, நல்லதுதானே." அதே ஆய்வில் அதிகம் மாட்டியது எலி அல்ல, பறவைகூட அல்ல. ஓணான் மாதிரிச் சிறு ஊர்வனதான். தவளை, அரணை, அணில், தட்டான், பட்டாம்பூச்சி என்று தோட்டத்தில் அசைகிற எதையும் பூனை தரம் பிரிப்பதில்லை.

மொத்தக் கணக்கு வேண்டுமானால், 2013-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி அமெரிக்காவில் மட்டும் வெளியே திரியும் பூனைகள் வருடத்துக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகளைக் கொல்கின்றன. இதில் பெரும்பங்கு வீடில்லாத பூனைகளுடையது. அதைச் சொல்லி வீட்டுப் பூனைக்காரர்கள் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. ஆறு நாடுகளில் 925 வீட்டுப் பூனைகளுக்கு ஜிபிஎஸ் கட்டிப் பார்த்தபோது, பெரும்பாலானவை வீட்டைச் சுற்றி நூறு மீட்டருக்குள்ளேயே இருந்தன. தூரம் போகாதது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வேட்டை முழுக்க அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே விழுகிறது. அந்த வட்டம் உங்கள் தோட்டமும் பக்கத்து வீட்டுத் தோட்டமும்தான்.

2. தாள்கள்

அலுப்பான வேலைதான். ஆனால் முக்கால்வாசி அலைச்சல் இங்கேதான் வரும்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் வாய்ச்சொல் போதாது, கடிதமாக வாங்குங்கள். நான் போன காப்பகத்தில் அந்தக் கடிதம் இல்லை என்று விண்ணப்பத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடிதத்தில் "பூனை வளர்க்கலாம்" என்பதோடு "ஜன்னல், பால்கனியில் வலை பொருத்தலாம்" என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வலைக்குச் சுவரில் துளை போட வேண்டியிருக்கும். அதற்காக மறுபடி போய் நிற்பது சங்கடம்.

அடுத்து உள்ளூர் விதி. இது ஊருக்கு ஊர் மாறும், அதனால் உங்கள் நகராட்சியிடமும் குடியிருப்போர் சங்கத்திடமும் நீங்களேதான் கேட்க வேண்டும். நான்கு கேள்விகள் போதும்: பதிவு கட்டாயமா, மைக்ரோசிப் கட்டாயமா, எத்தனை பூனை வரை வைக்கலாம், வெளியே விடலாமா. கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. ஆஸ்திரேலியத் தலைநகரான கான்பெராவில் 2022 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்த பூனைகளை உரிமையாளரின் இடத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஜெர்மனியின் வால்டோர்ஃப் நகரில் கொண்டை வானம்பாடி குஞ்சு பொரிக்கும் பருவத்துக்காக, 2022-இல் ஊரின் ஒரு பகுதியில் பூனைகளை மாதக்கணக்கில் வீட்டுக்குள் வைக்கச் சொன்னார்கள். இப்படி ஏதாவது உங்கள் ஊரிலும் இருந்தால், பூனை வந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட முன்பே தெரிந்துகொள்வது மேல்.

பூனையை வாங்கும்போது கையில் வரவேண்டியவை: தத்து ஒப்பந்தம் அல்லது கைமாறிய சீட்டு, தடுப்பூசி அட்டை, குடற்புழு மருந்து கொடுத்த தேதி, கருத்தடை ஆகியிருந்தால் அதற்கான சான்று, மைக்ரோசிப் எண்.

மைக்ரோசிப்பில் ஒரு பொறி இருக்கிறது. சிப் என்பது அரிசிமணி அளவில் தோலுக்கடியில் இருக்கும் ஒரு 15 இலக்க எண், அவ்வளவுதான். அதில் உங்கள் பெயரும் இல்லை, பூனை எங்கே இருக்கிறது என்றும் அது சொல்லாது. அந்த எண்ணைத் தரவுத்தளத்தில் உங்கள் பெயருக்கும் தொலைபேசிக்கும் மாற்றிப் பதிந்தால்தான் அது வேலை செய்யும். காப்பகத்தில் "சிப் போட்டாச்சு" என்று சொன்னால், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று அங்கேயே கேளுங்கள். பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கிற சிப்புகள் ஏராளம்.

இன்னொன்று. வேறு நாட்டுக்குக் குடிபோகிற யோசனை கொஞ்சமாவது இருந்தால், சிப் முதலில், ரேபிஸ் ஊசி அப்புறம், அல்லது இரண்டும் ஒரே நாளில். ஐரோப்பிய ஒன்றியம் உட்படப் பல இடங்களில் சிப்புக்கு முன் போட்ட ரேபிஸ் ஊசியைக் கணக்கில் எடுப்பதில்லை. திரும்பவும் ஊசி போட்டு, முதல் ஊசிக்குப் பின் காத்திருக்க வேண்டிய 21 நாளையும் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

எல்லாத் தாளையும் ஒரு கோப்பில் வைத்து, கைபேசியிலும் படமெடுத்துக்கொள்ளுங்கள். பூனையை இரண்டு பக்கமும் தெளிவாக ஒரு படம் எடுத்து அதோடு சேர்த்துவிடுங்கள். தொலைந்துபோன நாளில் வால்நுனி வெள்ளையா கறுப்பா என்று சந்தேகம் வரும், வியப்பாகத்தான் இருக்கும்.

3. செலவு

இலவசமாகக் கிடைத்த குட்டிதான் பல வீடுகளில் அதிகம் செலவு வைக்கிறது. காப்பகத்தில் கட்டணம் கொடுத்து எடுத்தால் ஊசி, கருத்தடை, சிப் மூன்றும் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். தெருவிலிருந்து தூக்கி வந்த குட்டிக்கு ஒவ்வொன்றும் தனித்தனி ரசீது. அதற்காகத் தெருக்குட்டியை எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. கணக்கைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

ஒருமுறைச் செலவில் வலைதான் பெரும்பாலும் பெரியது. அடுத்தது கருத்தடை. மாதச் செலவு உணவும், பூனை மலஜலம் கழிக்கிற பெட்டியில் போடும் லிட்டர் மணலும். மூன்றாவதாக ஒரு தொகையை அவசரத்துக்கென்று தொடாமல் வைத்திருங்கள். குறிப்பாக ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் அன்றே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும், ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். லிட்டர் பெட்டிக்குப் போய்ப் போய் உட்கார்ந்து ஒன்றும் வராமல் முனகினால், மலச்சிக்கல் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். காப்பீடு எடுப்பதானால் நோய் எதுவும் வருவதற்கு முன் எடுங்கள். ஏற்கெனவே இருந்த நோய்க்குப் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள், சேர்ந்த முதல் சில நாட்களுக்கும் தரமாட்டார்கள்.

மிச்சம் பிடிக்க நினைத்தால் விளையாட்டுச் சாமானில் பிடியுங்கள். அட்டைப்பெட்டியும் கசக்கிய காகிதமும் போதும். வலையிலும் உணவிலும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

4. வலையும் கூண்டு முற்றமும்

பூனை வருவதற்கு முந்தைய வாரமே இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். குட்டி வந்த பிறகு துளையிடும் இயந்திரத்தைச் சுவரில் வைத்தால், அது அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்து நாள் முழுக்க வெளியே வராது.

சாதாரண நைலான் கொசுவலை பூனை நகத்துக்குத் தாங்காது. ஏறிப் பார்க்கும், மூலை பிய்ந்துவிடும். உலோக வலையோ, தடித்த பிளாஸ்டிக் பூச்சுள்ள வலையோ போடுங்கள். வலைக்கண்ணின் அளவுக்கு ஒரே சோதனைதான்: குட்டியின் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். மேல்மாடி வீடாக இருந்தால் வலை பறவைக்காக மட்டும் இல்லை. பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும் என்பது பாதி உண்மைதான். தாடையும் காலும் முறிந்து வருகிற பூனைகளைக் கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகவே பார்க்கிறார்கள்.

கூண்டு முற்றம் கட்டுவதானால் கூரையிலும் வலை வேண்டும். நான்கு பக்கமும் உயரமாக இருந்தால் போதும் என்பார்கள், நம்பாதீர்கள். மெல்லிய நூல்வலையைத் தவிருங்கள், பறவையும் ஓணானும் கால் சிக்கித் தொங்கும். கண்ணுக்குத் தெரிகிற, விறைப்பான வலைதான் இரண்டு பக்கத்துக்கும் நல்லது. உள்ளே இரண்டு மூன்று உயரங்களில் பலகை வையுங்கள், பூனைக்குத் தரையைவிட உயரம் பிடிக்கும். செடி வைக்கும்போது லில்லி வகைகள் எதுவும் வேண்டாம். அதன் மகரந்தம் உடம்பில் ஒட்டி, பூனை நக்கினால்கூடச் சிறுநீரகம் செயலிழக்கும். பூ வைத்திருந்த ஜாடித் தண்ணீரும் ஆபத்துதான். பட்டுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் ஓடுங்கள்.

5. முதல் ஐந்து மாதம்

குட்டியைத் தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் பிரிக்க வேண்டாம், பன்னிரண்டு வாரம் வரை விட்டால் இன்னும் நல்லது. பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாக, பதினாறு வாரம் தாண்டும்வரை போடுவார்கள். ரேபிஸ் ஊசி பெரும்பாலும் பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு. ஒரு வருடம் கழித்து மறுபடி. பலர் முதல் இரண்டு ஊசியோடு நின்றுவிடுகிறார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசிகளை மழுங்கடித்துவிடக்கூடும் என்பதால், கடைசி ஊசிதான் முக்கியம்.

கருத்தடையை ஐந்து மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். ஒருமுறை குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்று யாராவது சொல்வார்கள், அப்படி ஒன்றும் இல்லை. பெண் பூனை நான்கு மாதத்திலேயே சினையாகலாம். ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும், குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகும். வீடில்லாத பூனைகள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. மருத்துவமனைகளில் இடம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம், ஆகவே மூன்றாவது ஊசிக்குப் போகும்போதே தேதி வாங்கிவிடுங்கள்.

லிட்டர் பெட்டி பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும். பூனை உள்ளே திரும்ப முடிகிற அளவு பெரியதாக, சாப்பாட்டுத் தட்டுக்குத் தள்ளி. தினமும் அள்ளுங்கள். பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணியின் முட்டை இருந்தால், அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதற்குள் அள்ளிவிட்டால் ஆபத்து பெருமளவு போய்விடும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும். கர்ப்பிணி தோட்ட மண்ணில் வேலை செய்யும்போதும் கையுறை போட்டுக்கொள்ளட்டும்.

6. வேட்டையை வீட்டுக்குள் கொண்டுவருதல்

இந்தப் படிதான் எனக்குப் பிடித்தது. மற்றதையெல்லாம் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பறவை வந்து உட்காரும்போது பூனையைக் கொஞ்சம் கவனியுங்கள். முதலில் காதுகள் முன்னால் திரும்பும். வயிறு தரையோடு ஒட்டும். வால் முழுதும் அசையாமல் கிடக்க, நுனி மட்டும் துடிக்கும். பின்பக்கத்தை இடவலமாக மெல்ல ஆட்டிக் காலைச் சரிசெய்யும். கண்ணாடி குறுக்கே இருப்பது தெரிந்தால் தாடை நடுங்கி, க்க்க்க் என்று ஒரு விசித்திரச் சத்தம் வரும். பார்த்தல், பதுங்குதல், பாய்தல், கவ்வுதல், தின்னுதல், நக்கிச் சுத்தம் செய்தல், தூங்குதல் என்று இது ஒரு முழுச் சங்கிலி. வீட்டுக்குள் இருக்கும் பூனைக்குக் கடைசி மூன்று மட்டும் கிடைத்து முதல் நான்கு கிடைக்காவிட்டால், அது உங்கள் கணுக்காலில் வந்து முடியும்.

ஆகவே தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம், கையில் தூண்டில் குச்சியோடு உட்காருங்கள். நுனியில் இறகோ துணியோ இருக்கட்டும். அதைப் பூனை முகத்துக்கு முன் ஆட்ட வேண்டாம், எந்த இரையும் வேட்டையாடுபவனை நோக்கி வராது. மேசைக்காலுக்குப் பின்னால் ஒளித்து, கொஞ்சம் நடுங்கவைத்து, விலகி ஓடவிடுங்கள். பதுங்க நேரம் கொடுங்கள். கடைசியில் கண்டிப்பாகப் பிடிக்கவிடுங்கள். பிடித்ததும் அன்றைய உணவைத் தட்டில் வையுங்கள். தின்றுவிட்டு, முகம் கழுவி, தூங்கப் போய்விடும். அதிகாலையிலும் அந்தியிலும் பூனை தானாகவே முறுக்கேறி இருக்கும் என்பதால் அந்த நேரங்களே பொருத்தம்.

லேசர் புள்ளியை வைத்து விளையாடினால், முடிவில் புள்ளியை ஒரு பொம்மைமேல் நிறுத்தி அதைக் கவ்வவிடுங்கள். நூல், நாடா, ரப்பர் வளையம் எல்லாம் விளையாடி முடித்ததும் அலமாரிக்குள் போக வேண்டும். விழுங்கினால் குடலைச் சுருட்டி இழுத்துவிடும், அறுவை சிகிச்சை வரை போகும்.

இது என் அனுபவப் பேச்சு மட்டும் என்று நினைக்க வேண்டாம். தென்மேற்கு இங்கிலாந்தில் வெளியே போய்வருகிற 355 பூனைகளை வைத்து எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வு 2021-இல் வந்தது. தினமும் இப்படி விளையாடிய வீடுகளில் பூனைகள் கொண்டுவந்த இரை 25 சதவீதம் குறைந்தது. தானியம் இல்லாத, இறைச்சிப் புரதம் நிறைந்த உணவுக்கு மாற்றிய வீடுகளில் 36 சதவீதம் குறைந்தது. புத்தியைத் தீட்டும் என்று விற்கிற புதிர் உணவுப்பெட்டி வைத்த வீடுகளில் 33 சதவீதம் கூடியது! எனக்கு அந்தப் பெட்டிகள்மேல் முன்பிருந்தே சந்தேகம்தான். முழுக்க உள்ளே இருக்கும் பூனைக்கு அவற்றால் பொழுது போகலாம், வெளியே போகும் பூனைக்கு வேண்டாம்.

உணவை மாற்றும்போது பழையதோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து, ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். "பசித்தால் தின்னும்" என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு ஏறிப் படுத்துவிடும்.

7. வெளியே விட்டே ஆகவேண்டும் என்றால்

சில பூனைகள் வெளியிலேயே வளர்ந்தவை. அவற்றுக்கு நேரத்தைச் சுருக்குவதில் தொடங்குங்கள். முதலில் இரவு முழுக்க உள்ளே. பழகியதும் அந்தியும் அதிகாலையும் உள்ளே. சாப்பாட்டு நேரத்தை அந்திக்கு மாற்றினால் தானாகவே வந்து நிற்கும். இப்படி வாரக்கணக்கில் குறைத்துக்கொண்டே வந்தால், வெளியே போகும் நேரத்தை நண்பகல் அளவுக்குச் சுருக்கிவிடலாம். ஒரே நாளில் கதவைச் சாத்தினால் கத்திக் கத்தி வீட்டை இரண்டாக்கும். நீங்களும் இரண்டாம் நாள் கதவைத் திறந்துவிடுவீர்கள். கத்தினால் கதவு திறக்கும் என்று அது கற்றுக்கொண்டதுதான் மிச்சம்.

குஞ்சுகள் கூட்டைவிட்டு இறங்கும் பருவத்தில் மட்டும் விதிவிலக்கே வேண்டாம். பல பறவைகளின் குஞ்சுகள் நன்றாகப் பறக்கக் கற்கும் முன்பே கூட்டைவிட்டு வந்துவிடும். சில நாட்கள் புதரிலும் தரையிலும் தத்தித் திரியும், தாய் பக்கத்திலேயே இருந்து ஊட்டும். தாய் தந்தைப் பறவைகள் விடாமல் கத்திக்கொண்டு ஒரே புதரைச் சுற்றினால் உள்ளே குஞ்சு இருக்கிறது என்று அர்த்தம். அன்றிலிருந்து ஒரு வாரமாவது பூனை உள்ளே.

காலர் விஷயத்துக்கு வருவோம். பூனைக்கு மணி கட்டுவது யார் என்று கேட்டே பழகிவிட்டோம். கட்டித்தான் பார்த்தார்கள். சில பழைய ஆய்வுகளில் இரை குறைந்தது, மேலே சொன்ன எக்ஸெட்டர் ஆய்வில் சொல்லிக்கொள்ளும்படி பலன் தெரியவில்லை. கூட்டில் இருக்கும் குஞ்சுக்கு மணி கேட்டும் பயனில்லை, பறக்கத் தெரியாதே. ஆகவே மணியை மட்டும் நம்பி நிம்மதியாக இருக்காதீர்கள். அதே எக்ஸெட்டர் ஆய்வில், பளிச்சென்ற பல வண்ணத் துணி உறையைக் காலர்மேல் மாட்டியபோது, பிடிபட்ட பறவைகள் 42 சதவீதம் குறைந்தன. பறவைகள் வண்ணத்தை நன்றாகப் பார்க்கும், தூரத்திலேயே உஷாராகிவிடும். எலி போன்ற பாலூட்டிகள் விஷயத்தில் அந்த உறையால் பலன் இல்லை.

எந்தக் காலராக இருந்தாலும், இழுபட்டால் தானே கழன்றுகொள்ளும் கொக்கி உள்ளதாக வாங்குங்கள். கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். நீளும் ரப்பர் பட்டை வேண்டாம், அதில் முன்னங்காலை விட்டுக்கொண்டு அக்குள் வரை அறுபட்ட பூனைகள் உண்டு. காலர் அடிக்கடி கழன்று தொலையும். அதற்குத்தான் சிப்.

ஹார்னஸ், அதாவது மார்பைச் சுற்றிக் கட்டும் வார், மாட்டி நடத்திக் கூட்டிப்போவதும் நடக்கிற காரியமே. முதலில் சில நாள் வீட்டுக்குள் மாட்டிப் பழக்குங்கள். நாயைப்போல் கூடவே நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அது போகிற இடத்துக்கு நீங்கள் போவீர்கள்.

8. தோட்டத்தில் செய்யவேண்டிய மாற்றங்கள்

பறவைக்கான தண்ணீர்ச் சட்டியும் தீவனமும் பூனை ஒளியக்கூடிய புதரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பாய்ச்சல் ஒரே மூச்சில் எட்டாத தூரம் அது. ஆனால் மொட்டைவெளியின் நடுவிலும் வைக்காதீர்கள், பறவை பறந்துபோய் அமர ஒரு மரமோ கிளையோ எட்டும் தூரத்தில் வேண்டும். தரையில் தானியம் தூவுவதை நிறுத்துங்கள். கூட்டுப்பெட்டி மாட்டியிருக்கும் மரத்தின் அடித்தண்டில் வழுவழுப்பான தகட்டை அகலமாகச் சுற்றினால் ஏற முடியாது. முள்செடிகளைப் பெட்டிக்குக் கீழே அடர்த்தியாக நடுங்கள். பூனை தினமும் வெளியே வருகிற தோட்டமாக இருந்தால், பறவைகளைத் தீவனம் போட்டு வரவழைக்காமல் இருப்பதே நியாயம்.

பல்லிக்கும் தவளைக்கும், ஒரு மூலையில் கற்களையும் காய்ந்த கட்டைகளையும் இடுக்குகள் விட்டு அடுக்கி, மேலே முள்கிளை போட்டுவிடுங்கள். பூனைப் பாதம் நுழையாத இடுக்காக இருக்க வேண்டும். எலிமருந்து கூடவே கூடாது. மருந்து தின்று தள்ளாடும் எலியைத்தான் பூனை முதலில் பிடிக்கும், ஆந்தையும் பிடிக்கும்.

9. கடிபட்ட பறவை கிடைத்தால்

முதலில் பூனையை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். பறவையை மெல்லிய துணியால் மூடி எடுத்து, காற்றுத் துளைகள் போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடுங்கள். இருட்டும் அமைதியும் லேசான வெதுவெதுப்பும்தான் அதற்கு வேண்டிய மருந்து. வாயில் தண்ணீரோ பாலோ சொட்ட வேண்டாம், மூச்சுக்குழலில் போய்விடும். அடிக்கடி திறந்து பார்ப்பதும் கெடுதல்.

இறகில் ரத்தம் இல்லை, பறக்கப் பார்க்கிறது, விட்டுவிடலாமா என்று தோன்றும். விடாதீர்கள். பூனைப் பல் ஊசிபோலக் குத்தும், துளை கண்ணுக்கே தெரியாது. பூனையின் வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா ரத்தத்தில் கலந்து ஓரிரு நாளில் கொன்றுவிடும். அன்றைக்கே ஆண்டிபயாடிக் கிடைத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. ஆகவே காட்டுயிர்களுக்குச் சிகிச்சை தருகிற மருத்துவர் அல்லது மீட்பு மையத்தின் எண்ணை முன்கூட்டியே விசாரித்துக் கைபேசியில் போட்டு வையுங்கள். சில இடங்களில் காட்டுப்பறவையை வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்காது, அதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். இது நடப்பது பெரும்பாலும் விடுமுறை நாளில்தான் என்பதால், விடுமுறையிலும் எடுப்பார்களா என்று கேட்டு வைப்பது நல்லது.

பூனைக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வெப்பமான பகுதிகளில் பல்லி, அரணை தின்கிற பூனைக்குக் கல்லீரல் தட்டைப்புழு வரும். பித்தக்குழாயில் போய் உட்கார்ந்துகொள்ளும், முற்றினால் கண்ணும் ஈறும் மஞ்சளாகும். வழக்கமான குடற்புழு மாத்திரை இதற்குப் போதாது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது "பல்லி பிடிக்கிறது" என்று நீங்களே சொல்லுங்கள். அவர்களாகக் கேட்பது அரிது.

10. பக்கத்து வீட்டுப் பூனை

உங்கள் பூனை சமர்த்தாக வலைக்குள் இருக்கும், எதிர்வீட்டுக் கடுவன் வந்து தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் பதுங்கும். சண்டைக்குப் போனால் காரியம் கெடும். கருத்தடை ஆகியிருக்கிறதா என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். இல்லையென்றால், உங்களுக்குத் தெரிந்த மருத்துவமனையில் எவ்வளவு ஆகும், எப்போது இடம் கிடைக்கும் என்பதைச் சொல்லி, பூனையைத் தூக்கிப்போகும் கேரியர் கூடையையும் இரவல் கொடுங்கள். பாதிப் பேர் தள்ளிப்போடுவதே பூனையை எதில் தூக்கிக்கொண்டு போவது என்று தெரியாமல்தான். தோட்டத்துக்குள் வராமலிருக்க, அசைவைக் கண்டால் தண்ணீர் பீய்ச்சும் தெளிப்பானைச் சட்டி இருக்கும் பக்கம் வைக்கலாம். வெறும் மண்ணைக் கூழாங்கல்லாலோ குச்சிகளாலோ மூடினால் கழிப்பிடமாக்குவதும் குறையும். தெளிப்பானைப் பறவைகள் வந்து இறங்கும் பக்கம் திருப்பாமல், பூனை நுழைகிற வேலிச்சந்தைப் பார்த்து வையுங்கள்.